17 வயதுப் பையனுக்கு வந்த போஸ்ட்பெய்டு பாக்கி

நவம்பரில் ஒரு மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கவரில் என் மகன் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் 'திரு' வேறு. பிளஸ் டூ படிக்கிற பையனுக்கு யாரடா இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு. ஒரு செல்போன் நிறுவனத்துக்கு 2,214 ரூபாய் போஸ்ட்பெய்டு பாக்கியாம், டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு வந்து சமரசம் பேசிக்கொள்ளவும் என்று போட்டிருந்தது.

சாயந்திரம் அவன் வந்ததும் கவரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஃப்ரீ சிம்முன்னு சொன்னாங்கப்பா" என்றான்.

நடந்தது இதுதான். ஜூனில் பள்ளி திறந்த புதிதில், பேருந்து நிலையத்துக்கு வெளியே குடை விரித்து சிம் விற்பவரிடம் இவனும் இரண்டு கூட்டாளிகளும் போய் நின்றிருக்கிறார்கள். சிம் வாங்கினால் இயர்ஃபோன் இலவசம். ஆதார் அட்டை பையிலேயே இருந்திருக்கிறது, ஏதோ உதவித்தொகை படிவத்துக்காக நான்தான் கொடுத்து அனுப்பியிருந்தேன். அவர் அட்டையைப் போட்டோ எடுத்து, இவனை நிற்க வைத்தும் ஒரு போட்டோ எடுத்து, சிம்மைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் கிடந்த பழைய போனில் போட்டு ஒரு மாதம் கேம் விளையாடியிருக்கிறான், அப்புறம் சிம் எங்கேயோ தொலைந்துவிட்டது. ப்ரீபெய்டு என்றுதான் நினைத்திருக்கிறான். அவன் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, போஸ்ட்பெய்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் ஒரு வாரம் நான் செய்தது எல்லாமே தப்பு. செல்போன் நிறுவனத்தின் புகார் எண்ணான 198க்குக் கூப்பிட்டு "இந்த இணைப்பை ரத்து செய்யுங்கள்" என்றேன். அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறோம், சொல்லுங்கள் என்றார்கள். சிம்மே இல்லையே அம்மா என்றால், அப்படியானால் கடைக்குப் போங்கள். கடையில் போய் நின்றால், பாக்கியைக் கட்டினால்தான் ரத்துக்கான கோரிக்கையையே கணினி ஏற்கும் என்றார் அங்கிருந்த தம்பி. 'சரி, 2,214 ரூபாய்தானே, கட்டித் தொலைத்துவிடலாம்' என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. வீட்டில் மனைவியும் அதையேதான் சொன்னாள்.

நல்லவேளையாக அதற்கு முன்னால் எங்கள் தெருவில் இருக்கும் வக்கீல் அண்ணனிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு முதலில் கேட்டது பையனின் பிறந்த தேதியை. "ரத்துன்னு எங்கேயும் எழுதாதீங்க தம்பி. ரத்து பண்ணணும்னா முதல்ல ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கணும்ல? இங்க அதுவே இல்ல" என்றார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியே இல்லாதவர். அப்படிச் செய்தால் அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மோகிரி பீபி வழக்கில் 1903இலேயே, வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அது ஒரு சின்னப் பையன் வீட்டை அடமானம் வைத்த வழக்கு, கடன் கொடுத்த தரப்புக்கு அவன் வயது தெரிந்தே இருந்ததாம். இது போக, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சிம் விற்கவே கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021இல் உத்தரவும் போட்டிருக்கிறது. பையன் ஒரு மாதம் பயன்படுத்தியிருக்கிறானே என்று இழுத்தேன். அதனால் ஒப்பந்தம் உண்டாகிவிடாது என்றார்.

அன்று ராத்திரியே மின்னஞ்சலில் புகார் எழுதினேன். இவர் 18 வயது நிரம்பாதவர், இந்த ஒப்பந்தம் செல்லாது, பாக்கி என்று எதுவும் கிடையாது, இணைப்பு கொடுத்தபோது நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகலை அனுப்புங்கள். ரத்து என்ற வார்த்தையே வரவில்லை. பிறப்புச் சான்றிதழையும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற ஆதாரையும் இணைத்தேன் (மறுபடி முழு எண்ணைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா). புகார் எண் வந்தது. அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். ஐந்தாம் நாள் பதில் வந்தது: 'தங்கள் நிலுவைத் தொகையைச் செலுத்தி சேவையைத் தொடர வேண்டுகிறோம்.' எழுதியதை யாரும் படிக்கவே இல்லை.

இடையில் வசூல் ஆட்களின் போன்கள். ஒருத்தர் கொஞ்சம் விவரமானவர். "உங்க பையனுக்கு இன்னும் மூணு மாசத்துல 18 ஆகுதுல்ல சார், அப்ப அவர் பேர்லயே வரும், சிபில் போயிடும்" என்றார். கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கிற மதிப்பெண்தான் அந்த சிபில். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் வக்கீல் அண்ணன் சிரித்துவிட்டார். சின்ன வயதில் போட்ட ஒப்பந்தத்தை 18 ஆன பிறகு அவனே ஏற்றுக்கொள்கிறேன் என்றாலும் அதற்கு உயிர் வராதாம்.

17 வயதுப் பையனுக்கு சிம்மை எப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று நானும் துருவிக்கொண்டிருந்தேன். ஆதார் தளத்தில் ஆறு மாதத்துக்கான சரிபார்ப்பு வரலாற்றைப் பார்க்கலாம். மகன் ஆதாரில் என் எண்தான் இணைந்திருக்கிறது என்பதால் ஓடிபி எனக்கே வந்தது. ஜூனில் எந்த செல்போன் நிறுவனமும் அவன் ஆதாரைச் சரிபார்த்ததாகப் பதிவே இல்லை. கைரேகை வைத்திருந்தால் ஆதாரிலிருந்து பிறந்த தேதியும் சேர்ந்து போயிருக்கும், வயது அங்கேயே மாட்டியிருக்கும். ஆக, வெறும் அட்டையின் போட்டோவை வைத்து, விவரங்களைக் கையால் தட்டியிருக்கிறார்கள்.

என்ன தட்டினார்கள் என்பது மக்கள் நீதிமன்றத்தில்தான் தெரிந்தது. வளாகம் முழுக்க வங்கிக் கடன், விபத்து இழப்பீடு என்று கூட்டம். எங்கள் மேஜையில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரும் ஒரு வழக்கறிஞரும் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் சார்பில் வந்தவர், நான் உட்காருவதற்குள், "1,200 கட்டிடுங்க சார், முடிச்சிடலாம்" என்றார். அங்கே கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி, அதற்கு மேல்முறையீடு கிடையாது, சம்மதம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று எனக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார் அண்ணன். நான் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தேன். நீதிபதி அதைப் பார்த்துவிட்டு, "படிவம் இருக்கா?" என்று அவரிடம் கேட்டார்.

இருந்தது. நான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே படிவம், அவர் கோப்பில் சாதாரணமாக இருந்தது. ஆதாரில் 2008 என்று இருக்கும் பிறந்த ஆண்டு படிவத்தில் 2005. தொடர்புக்கு என்று கொடுத்திருந்த மாற்று எண் யாருடையதென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூலையில் மகனின் போட்டோ: கட்டம் போட்ட சீருடைச் சட்டை, கழுத்தில் பள்ளி அடையாள அட்டையின் நீலப் பட்டை, வெயிலுக்குச் சுருக்கிய கண், பின்னால் குடையின் ஓரம். நீதிபதி படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, "இந்தப் பையனைப் பார்த்தா 20 வயசு மாதிரியா தெரியுது?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. சமரசம் ஆகவில்லை என்று எழுதி முடித்தார்கள். படிவத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டார்கள், எனக்கு வேண்டியதே அதுதான்.

அந்தப் படத்தோடு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். புகாருக்குக் கிடைத்த பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஏறக்குறைய அத்தனை நாளையும் எடுத்துக்கொண்டு, ஜனவரிக் கடைசியில் பதில் அனுப்பினார்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டது, நிலுவை எதுவும் இல்லை, 'நல்லெண்ண அடிப்படையில்' தொகை தள்ளுபடி. அந்த நல்லெண்ணம் என்கிற வார்த்தை இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. தப்பு செய்தவர்கள் தருமம் செய்கிற மாதிரி எழுதுகிறார்கள். மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டேன், பதிலே இல்லை. நிலுவை இல்லை என்ற வரி போதும், விடுங்கள் என்றார் அண்ணன். விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம். அதே அட்டைப் போட்டோவை வைத்து வேறு சிம் ஏதும் போயிருக்கிறதா என்று பார்க்க இப்போது எங்களுக்கு வழியில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் உள்ள எண்களைப் பார்க்கலாம்தான், ஆனால் அதற்குள் போக அவன் பெயரிலேயே ஓர் எண் வேண்டும், என் எண்ணை வைத்துப் போனால் என்னுடையதுதான் வருகிறது. அடுத்த மாதம் அவனுக்கு 18 முடிகிறது. முறையாகக் கடைக்குப் போய் ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி, அன்றைக்கே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்த இலவச இயர்ஃபோன் ஒரு காதில் மட்டும்தான் கேட்கிறது. அவன் அதைத்தான் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறான்.