மணப்பாட்டுக் குருசும் ஒரு சீசா எண்ணெயும்

அம்மாவுக்கு அது சிலுவை இல்லை, குருசு. சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போதும் செபப் புத்தகத்தில் வரும்போதும் மட்டும்தான் சிலுவை. மற்றபடி, "நெத்தியில குருசு வரஞ்சிட்டுப் படு", "குருசடி பக்கத்துல எறங்கணும்" என்றுதான் வாயில் வரும். சிலுவை என்பது சிரியாக் மொழியிலிருந்து வந்த சொல். குருசு போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. எங்கள் கடற்கரைக்கு எது ஒட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் குருசைப் பார்க்கத்தான் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்பது மரியாதைக்கு. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அப்பா படுக்கையில் இருந்தபோது, பிழைத்து எழுந்தால் மூன்று பேருமாக மணப்பாட்டுக்கு வருகிறோம் என்று நேர்ந்திருந்தாள். அப்பா எழவில்லை. இனி அந்த நேர்ச்சை எதற்கு என்று எனக்கு. கேட்டும்விட்டேன்.

"கப்பக்காரனுக்கும் மரம் ஒடஞ்சுதானல போச்சு? அவன் நடாம போயிட்டானா?" என்றாள்.

அதற்கு மேல் என்ன பேசுவது? கிளம்பிவிட்டோம்.

திருச்செந்தூரில் பஸ் மாறினோம். தெற்கே போகப் போக இரண்டு பக்கமும் பனைதான். குலசேகரன்பட்டினத்தில் பாதி பஸ் காலியானது. தசராவுக்கு வேடம் கட்டி லட்சக்கணக்கில் ஆட்கள் திரளும் ஊர். இப்போது ராக்கெட் ஏவுதளமும் அங்கேதான் வருகிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற மணல் மேடும், அதன் உச்சியில் வெள்ளைக் கோயிலும் தெரிந்தன. அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். "அர்ச்சிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே, எங்கள் சத்துருக்களிடமிருந்து எங்களை இரட்சித்தருளும்…" நெற்றி, வாய், நெஞ்சு என்று பெருவிரல் மூன்று சின்னக் குருசு போட்டது.

கப்பல்காரன் கதையை எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டுவார்கள். 1540 வாக்கில் போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் ஒன்று நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொள்கிறது. பாய் கிழிந்து, பாய்மரம் முறிகிறது. கரை சேர்ந்தால் இந்த ஒடிந்த மரத்திலேயே குருசு செய்து, சேர்ந்த கரையில் நடுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொள்கிறான். கப்பல் தத்தளித்து இந்தக் கரைக்கு வருகிறது. சொன்னபடி குருசு செய்து மேட்டில் நட்டான். இவ்வளவும் ஆலயக் குறிப்புகளில் இருக்கும்.

கதையின் இன்னொரு துண்டைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். குருசாகும் முன்பு கரையில் ஒதுங்கிக் கிடந்த அந்த மரத்துண்டை யாருக்கும் என்னவென்று தெரியாது. ஊர்க்காரன் ஒருவன் கடற்கரையில் அசிங்கத்தை மிதித்துவிட்டு, காலை அந்த மரத்தில் தேய்த்துத் துடைத்தான். கால் வீங்கிப்போயிற்று, வலி உயிர் போனது. ராத்திரி கனவில், நீ அசிங்கப்படுத்திய மரத்தைக் கழுவி எண்ணெய் பூசு என்று உத்தரவு வந்தது. விடிந்ததும் ஓடிப்போய்க் கழுவி எண்ணெய் பூசினான், வீக்கம் வடிந்தது.

சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மலம் துடைத்த கட்டை என்று தம்பியோடு சேர்ந்து சிரித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

மேடு ஏறும்போது மணி பத்துதான், ஆனாலும் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். சுடுகிறது, போட்டுக்கொள் என்றால் கேட்கவில்லை. சிலுவைப் பாதைப் புத்தகம் அவளுக்கு வேண்டாம், ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியை நினைத்து நின்று செபிக்கிற பதினான்கு ஸ்தலமும் மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் நின்று, "உமது பாரமான சிலுவையைக் கொண்டு உலகத்தை மீட்டு இரட்சித்தீரே" என்று முடித்தாள். பாரமான என்ற இடத்தில் மூச்சு வாங்கியது.

பாரம் என்ற சொல்லோடு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கடைசி மாதங்களில் கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டுச் சொல்வார்கள்: "ஆண்டவர் குடுத்த சிலுவை. அவனவன் சிலுவைய அவனவன்தானே சுமக்கணும்." சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவார்கள். வலியில் கிடக்கிறவன் வாயை அடைப்பதற்கா சிலுவை? அந்த ஆத்திரத்தில்தான் கொஞ்ச நாளாகப் பூசைக்குப் போவதையே விட்டிருந்தேன்.

ஐந்தாம் ஸ்தலம் வந்தபோது அம்மா படியோரம் உட்கார்ந்துவிட்டாள். சிரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்கிற இடம். யாரோ ஒரு வழிப்போக்கன். வயற்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து, இந்தா தூக்கு என்று தோளில் ஏற்றிவிட்டார்கள். எத்தனையோ வருடம் முழங்கால் போட்டுக் கடந்த ஸ்தலம்தான். அன்றைக்குத்தான் உறைத்தது. ஆண்டவரே தன் சிலுவையைத் தனியாகச் சுமந்து முடிக்கவில்லை. அவனவன் சிலுவை என்று சொன்னவர்கள் இந்த ஸ்தலத்தில் என்ன செபித்தார்களோ தெரியவில்லை. அது போகட்டும், மேலே போனதும் அவர் சொன்னதுதான் என்ன? "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அப்பா ராத்திரிகளில் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். விசுவாசம் குறைந்துவிட்டது என்று அவரைத் தேற்ற வந்தவர்களும் உண்டு.

கோயிலுக்குள் நல்ல குளிர்ச்சி. கடற்காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போகிறது. அந்தக் குருசு நின்ற இடத்தில்தான் இந்தக் கோயில் எழுந்தது என்பார்கள். ஆண்டவர் அறையுண்ட மெய்யான சிலுவையின் சிறு துண்டும் உரோமையிலிருந்து வந்து இங்கே இருக்கிறது. செப்டம்பர் திருவிழாவில் அதை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, கூட்டம் முட்டி மோதும். உலகத்தில் இருக்கிற சிலுவைத் துண்டுகளையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பல் சரக்கு ஆகும் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே சீர்திருத்த சபைக்காரர் கால்வின் கேலி செய்திருக்கிறார். மணப்பாட்டில் அந்தக் கேலி தலைகீழாகிறது. இங்கே கப்பல் மரமே குருசாகிவிட்டது.

திருவிழா செப்டம்பர் 14இல் வருவதற்கும் காரணம் உண்டு. எருசலேமில் ஆண்டவரின் கல்லறைக் கோயிலை 335ஆம் ஆண்டு செப்டம்பரில் நேர்ந்தளித்தார்கள். அதையொட்டித்தான் திருச்சிலுவையை உயர்த்திக் காட்டும் விழா பிறந்தது. அதற்கு முந்தைய முந்நூறு வருடம் சிலுவை என்றால் என்ன? அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஊருக்கு வெளியே, எல்லோரும் பார்க்க, உடுப்பை உருவித் தொங்கவிட்ட மரம். ரோமைக் குடிமகனின் காதில்கூட அந்தச் சொல் விழக்கூடாது என்றார் ரோமைப் பேச்சாளர் சிசெரோ. யூதர்களுக்கோ, மரத்தில் தொங்குகிறவன் கடவுளால் சபிக்கப்பட்டவன். அப்போஸ்தலர் சின்னப்பர் (பவுல்) கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, சிலுவையைப் பற்றிச் சொல்வது பலருக்கு மடமையாகத் தோன்றுகிறது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். நாம் அதில் தங்கம் பூசி, கழுத்தில் தொங்கவிட்டு, கோபுரத்தில் எல்.இ.டி. விளக்கும் போட்டபிறகு அந்த மடமை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது, சின்ன வயதில் சிரித்த அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அசிங்கம் துடைத்த கட்டை. ஆண்டவரை அறைந்த கொல்கொத்தா மேட்டில் நின்ற மரமும் அப்படித்தானே? ஊரின் கோபம், பொறாமை, கோழைத்தனம் எல்லாவற்றையும் அதில்தான் துடைத்தார்கள். அவர் திருப்பித் துடைக்கவில்லை, தன்மேல் வாங்கிக்கொண்டார். பாவப் பரிகாரம் என்று ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்தபோது ஏதோ கடன் அடைக்கிற கணக்கு மாதிரிதான் எனக்குத் தோன்றியிருந்தது. கரையோரத்து மனிதர்கள் யாரோ கட்டிய இந்தக் கால் துடைத்த கதை அதைச் சுருக்கமாகப் புரியவைத்துவிட்டது. எந்த மரத்தில் துடைத்தானோ அதே மரத்தைத் தொட்டுத்தான் அவன் குணமாகவும் வேண்டியிருந்தது.

கோயிலுக்குக் கீழே கடலைப் பார்த்தபடி புனித பிரான்சிஸ் சவேரியார் குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர், இங்கே தங்கிச் செபித்திருக்கிறார். அதற்கு முன்பு ஒரு சைவ சந்நியாசி இருந்த குகை என்றும் சொல்வார்கள். அலைக்கு இவ்வளவு அருகில் உள்ளே ஒரு கிணறு, அதில் நல்ல தண்ணீர். சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்த அரைகுறைத் தமிழில் முதலில் சொல்லிக்கொடுத்தது சிலுவை அடையாளம் போடத்தான். பஸ்ஸில் அம்மாவின் பெருவிரல் போட்டது அந்தக் கோடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

குகையிலிருந்து ஏறி வந்ததும் அம்மா பையைத் திறந்தாள். அப்பாவின் பாடுபட்ட சுரூபம். ஒரு சாண் நீளம், கருத்த மரத்தில் பித்தளை ஆண்டவர். கடைசி மூன்று நாளும் அப்பா கையில் இருந்தது. அதற்கு முன் தாத்தா கையில். தலைமுறையாக முத்தி செய்து செய்து, பித்தளையில் முகம் இன்னும் தெளிவாக இருக்க, பாதம் மட்டும் தேய்ந்து, விரல்களே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது. கூடவே ஒரு சின்ன சீசாவில் தேங்காயெண்ணெய். அப்பா காலுக்குப் போட்டுவிடுகிற அதே சீசா, அடியில் இரண்டு விரல்கடை மிச்சம். ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லா வேலையும் முடித்து வந்து, வீங்கிய அந்தக் கால்களை மடியில் வைத்து அவள் எண்ணெய் தடவிவிடுவாள். வடியவில்லை. ஒருநாள்கூட வடியவில்லை. ஆனாலும் தடவினாள்.

சுரூபத்தின் பாதத்தில் ஒரு சொட்டு விட்டு, முந்தானையால் மெதுவாகத் தேய்த்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "அப்பாக்குத் தேச்ச மிச்சம்" என்றாள் அவளாகவே.

இறங்கி வரும்போது ஓலைப்பெட்டி விற்கிற அக்காவிடம் விலை பேசி, பேசியதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினாள். மணப்பாட்டுப் பனையோலை முடைவது பத்து வருடம் ஆனாலும் பிரியாது என்பது அவள் கட்சி. குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலைக் குருசு செய்ய எனக்கும் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தது அப்பாதான். நான் மடிப்பதில் ஒரு கை எப்போதும் நீளமாகப் போய்விடும்.

பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. நிழலில் ஒரு திண்ணை பார்த்து உட்கார்ந்தோம். அம்மா காலை நீட்டியபோதுதான் பார்த்தேன். மணல் சுட்டு உள்ளங்கால் சிவந்து, கணுக்கால் இரண்டும் உப்பியிருந்தன. சீசாவை எடுத்துக் கையில் கவிழ்த்தேன், சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு காலை இழுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"போதும்ல, ஆளுவ பாக்காவ" என்றாள். காலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.