கப்பல சண்டைக்கு எடுத்துக்கிட்டாக

ஜூன் 8, கானாடுகாத்தான்

15-ம் தேதி வீட்டுப் படைப்பு, முன்னோருக்கு இலை போட்டுக் கும்பிடுறது. இரண்டாங்கட்டு அறைய ஒழிக்கும்போது ஒரு தகர ட்ரங்குப் பெட்டி கிடைச்சுது, மூடியில வெள்ளை பெயிண்ட் பாதி உரிஞ்சு ‘பினாங்கு’ங்கறது மட்டும் படிக்க முடியுது. உள்ள கணக்கு நோட்டு. ஒரு பக்கத்துல ‘நாகப்பட்டினம், ரோனா கப்பல், டெக்கு’ன்னு பழுப்பு மசியில எழுதியிருக்கு. அப்பத்தாவோட அப்பச்சி, அதாவது அவங்க அப்பா கையெழுத்து. அப்பத்தாவுக்கு 91, அந்த வரிய விரலால தடவிக்கிட்டே “இதுலதான் ராசா அப்பச்சி பினாங்குக்குக் கொண்டுவிக்க, வட்டித் தொழில் பாக்கப் போனாக. அதுக்கப்புறம் கடுதாசியும் இல்ல, கப்பலும் இல்ல. கேட்டா, கப்பல சண்டைக்கு எடுத்துக்கிட்டாகன்னு ஆத்தா சொல்லுவாக”ன்னாங்க. அப்ப அவங்களுக்கு ஏழு வயசு.

ஜூன் 9

ராத்திரி பூரா ரோனாவைத் தேடிப் படிச்சேன். 1926-ல கட்டினது, 8,602 டன், அதே வருஷம் வந்த ரஜூலாவும் இதுவும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஒரே ரூட்டுல ஓடுன கப்பல். நாகையில கப்பல் கரைக்கு வராது, தூரக் கடல்ல நிக்கும், பெட்டி படுக்கையோட படகுல போய் ஏறணும். 1940-ல ரோனாவ பட்டாளம் ஏத்துறதுக்குன்னு அரசாங்கம் எடுத்துக்கிச்சு. பட்டாளக் கப்பலா மாத்துறதுன்னா சாம்பல் கலர் பெயிண்ட், மேல பீரங்கி, கீழ்த்தளத்துல சாப்பாட்டு மேசை, ராத்திரியானா அந்த மேசைக்கு மேலேயே கொக்கியில துணித் தூளி கட்டிப் படுக்கை. நம்மாளுக டெக்குல பாய் விரிச்சுப் படுத்துப் போன கப்பல் அது.

ஜூன் 11

சண்டைக் காலத்துல ஒரு கப்பல் ஒதுங்க, சண்டையில சேராத நடுநிலை நாட்டுத் துறைமுகம் எவ்வளவு பெரிய விஷயம்னு இப்பதான் புரியுது. 1907 ஹேக் உடன்படிக்கைப்படி சண்டை போடுற நாட்டுப் போர்க்கப்பல் அங்க பொதுவா 24 மணி நேரம்தான் நிக்கலாம், சரக்குக் கப்பல், பயணிக் கப்பலுக்கு அந்தக் கெடு கிடையாது, ஆனா அங்க வச்சு எந்தக் கப்பலையும் சண்டைக்கு ஆயத்தம் பண்ண விடக்கூடாது. அதனாலதான் 1940 மார்ச்சுல பிரிட்டனோட பயணிக் கப்பல் குயின் எலிசபெத் ரகசியமா நியூயார்க் போய் ஒதுங்குச்சு, அமெரிக்கா அப்ப சண்டையில இல்ல, பிறகு பட்டாளக் கப்பலா மாத்தறதுக்கு நவம்பர்ல கிளம்பி சிங்கப்பூருக்குத்தான் வந்துச்சு. பினாங்குக்குப் பக்கத்துல!

நம்ம பக்கத்துல கோவா. போர்ச்சுகல் நடுநிலைங்கறதால ஜெர்மன் சரக்குக் கப்பல்கள் 1939-லேர்ந்து மர்மகோவாவுல ஒதுங்கியிருந்துச்சு, 1943 மார்ச்சுல கல்கத்தாவுலேர்ந்து பிரிட்டிஷ் ஆளுக போய் ராத்திரியில தாக்கி முடிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அதே துறைமுகத்துல ஸ்வீடன் கப்பல் கிரிப்ஸ்ஹோமும் ஜப்பானோட தெய்யா மாருவும் பக்கத்துல நின்னு அமெரிக்கா, ஜப்பான்னு ரெண்டு பக்கத்து சிவிலியன்களையும் மாத்திக்கிட்டுப் போச்சு. அந்த தெய்யா மாரு, பிரெஞ்சுக்காரங்களோட அராமிஸ்ங்கற பயணிக் கப்பல், ஜப்பான் பிடிச்சுப் பேர் மாத்துனது. பேர் மாத்தினா கப்பல் மறந்துடுமா?

ஜூன் 12

ரோனாவுக்கு ஒதுங்க எந்தத் துறைமுகமும் கிடைக்கல. 1943 நவம்பர் 26, அல்ஜீரியா கடல்ல, சுமார் 2,000 அமெரிக்க சிப்பாய்களோட போயிட்டிருந்துச்சு. சூயஸ் வழியா இந்தியாவுக்கு வர்ற பட்டாளம் அது! ஜெர்மன் விமானம் விட்ட, ரேடியோவால ஓட்டுற குண்டு விழுந்து முழுகிடுச்சு. அமெரிக்கர்கள் மட்டும் 1,015 பேர் செத்தாங்க. நிறைய படகுகள இறக்கவே முடியலைன்னு தப்பினவங்க சொல்லியிருக்காங்க. ரொம்ப வருஷம் வெளிய சொல்லாம வச்சிருந்தாங்க. கப்பல்ல வேலை பாத்தவங்க பெரும்பாலும் இந்தியர்கள், அதுல பாதிக்கு மேல போயிட்டாங்க. அதப் படிச்சதுக்கப்புறம் தூக்கமே வரல.

ஜூன் 14

அப்பத்தாகிட்ட சொல்லிட்டேன். பினாங்கு 1941 டிசம்பர்ல ஜப்பான் கைக்குப் போனதாலதான் கடுதாசி நின்னுச்சுன்னு அவங்களுக்கு இப்பதான் தெரியும், 80 வருஷமா ‘கப்பல எடுத்துக்கிட்டாக’ன்னு மட்டும்தான் தெரியும். அவங்க அப்பச்சி சண்டை முடிஞ்சு ரஜூலாவுலதான் திரும்புனாக. ரஜூலா தப்பிச்சு மறுபடி அதே ரூட்டுல ஓடி 1974-ல தான் உடைக்கப் போச்சு.

அப்பத்தா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் “கப்பல்ல வேலை பாத்தவுக?”ன்னாங்க. சொன்னேன்.

ஜூன் 15

படைப்பு முடிஞ்சுது. அப்பத்தா சொன்னபடி கடைசியில ஒரு இலை தனியா போட்டோம். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், கவுனி அரிசி. பக்கத்துல அந்தக் கணக்கு நோட்டு, ரோனாங்கற பக்கம் விரிச்சு.