காப்பிக்கொட்டை நிறத்தில் ஓர் அரக்குப் புடவை

பெரிய நாத்தனார் மகளின் நிச்சயத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். மாமியார், இரண்டு நாத்தனார்கள், நான். ஒரு புடவை விரிந்ததும் மாமியார் "அரக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு" என்றார். "நல்ல அரக்கும்மா" என்றார் பெரிய நாத்தனார். சின்னவர் தலையாட்டினார். என் கண்ணுக்கு அது அப்பட்டமான காப்பிக்கொட்டை நிறம். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அரக்குதான்" என்றேன்.

இத்தனைக்கும் நான் உளவியல் படித்தவள். சாலமன் ஆஷின் சோதனையைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

ஆஷ் அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரிப் பேராசிரியர். 1950களில் அவர் கேட்டது சின்னக் கேள்விதான்: இந்த அட்டையில் உள்ள கோடு, அந்த அட்டையின் மூன்று கோடுகளில் எதற்குச் சமம்? தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாம் ஆஷின் ஆட்கள். 18 சுற்றுகளில் 12-இல் சொல்லிவைத்தாற்போல் ஒரே தப்பான கோட்டைக் காட்டினார்கள். அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பதில்கள் கூட்டத்தோடு போயின. நாலில் ஒருவர் மட்டும் கடைசிவரை மசியவில்லை. சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள். மாமியார் யாரும் எதிரே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஷ் தன் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றிப் பார்த்தார். எதிரே ஒரே ஒருவர் தப்பாகச் சொன்னபோது பையன்கள் ஏறக்குறைய அசையவே இல்லை. இரண்டு பேர் என்றதும் தப்பு 13.6 சதவீதம். மூன்று பேர் என்றால் 31.8. அதற்கு மேல் ஆள் சேர்த்தும் பெரிதாக ஏறவில்லை. மூன்று பேர்! கடையில் என் எதிரே இருந்தவர்களும் சரியாக மூன்று.

பிறகு விசாரித்தபோது சிலர் "என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்" என்றார்களாம். சிலர் உங்கள் சோதனையைக் கெடுக்க மனமில்லை என்றார்கள். எனக்கு இரண்டும் இருந்தது. கடை விளக்கு மஞ்சளோ என்று ஒரு நொடி சந்தேகம். மீதியெல்லாம், நல்ல காரியத்தில் நமக்கெதற்கு வம்பு என்பதுதான்.

சரியான பதிலைச் சொல்ல ஒரே ஒரு துணை கிடைத்தபோது தப்புகள் கால்வாசியாகச் சரிந்தன. எனக்கு அப்படி ஒரு துணை வாய்க்கவில்லையே என்று ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில், வெயிலில் புடவையைப் பிரித்தோம். காப்பிக்கொட்டையேதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"எனக்கு அங்கேயே பிரவுனாத்தான் தெரிஞ்சுது அண்ணி" என்றார் சின்ன நாத்தனார். "அம்மாவும் அக்காவும் சொல்றாங்களேன்னு தலையாட்டினேன். நீங்களாவது சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"அம்மா சொன்னாங்களேன்னுதான் நானும்..." என்று இழுத்தார் பெரியவர்.

ஆஷின் அறையில் மற்றவர்கள் நடித்தார்கள். இங்கே நடிக்கச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மூவருமாக மாமியாரைப் பார்த்தோம்.

"எனக்கென்னடி தெரியும்? அந்தக் கடைப் பையன்தானே அரக்குன்னு எடுத்துப் போட்டான்" என்றார் அவர்.