இழுபடும் கயிறும் இழுபடாத கயிறும்

திருகோணமலையில் கயிற்று வேலைக்கு ஆள் தேடுவது கடினமன்று. உயரமான தாங்கிகளுக்கும் கோபுரங்களுக்கும் கயிற்றில் தொங்கியபடி வர்ணம் பூசும் குழுக்களை மேற்பார்வை செய்வது என் தொழில். அக்குழுக்களுக்கு வரும் இளைஞர்களில் பலர் கடற்தொழில் செய்யும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். முடிச்சைப் பற்றி அவர்களுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல கயிறு என்பது எது என்பதில் அவர்களும் நானும் முதல் நாளிலேயே முரண்படுவோம். வள்ளத்தை நிறுத்தக் கயிறு இழுபடாமல் இருக்க வேண்டும், நீரில் மிதந்தால் இன்னும் நல்லது என்பது அவர்களின் எண்ணம். ஏறுவதற்கான நைலோன் கயிற்றை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்படி இழுபடுற கயிற்றை நம்பி எப்படி அண்ணை தொங்குறது?" என்று கேட்காத புதியவர் அரிது.

அது நியாயமான கேள்வி. 2 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் கயிறு இறுகும் கணத்தில் மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். அந்த வேகத்தை 20 சென்றிமீற்றருக்குள் நிறுத்தினால் அவருடைய எடையைப் போல் 11 மடங்கு விசை சராசரியாக உடலைத் தாக்கும். அதையே ஒரு மீற்றர் தூரத்தில் நிறுத்தினால் 3 மடங்கோடு முடிந்துவிடும். விழுந்த உயரம் ஒன்றுதான், கயிறு இறுகும் கணத்தில் இருக்கும் வேகமும் ஒன்றுதான். கயிறு இழுபட்டுக் கொடுக்கும் தூரம்தான் முதுகெலும்பின் கதியைத் தீர்மானிக்கிறது. மலையேறுவோரின் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரநிர்ணயம் அதன் அறுபடும் வலிமையை மட்டும் பார்த்து நிற்காமல், 80 கிலோகிராம் எடையை விழவிட்டு, முதல் வீழ்ச்சியில் விசை 12 கிலோநியூற்றனைத் தாண்டக் கூடாது என்று விதிப்பதும் இதனாலேயே.

வீழ்ச்சியின் கடுமை உயரத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பதை நம்ப வைப்பதுதான் மிகவும் கடினம். விழுந்த தூரத்தை, அதைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 40 மீற்றர் கயிற்றில் 10 மீற்றர் விழுபவருக்கு வரும் விகிதம் கால். இடுப்பிலிருந்து 60 சென்றிமீற்றர் பட்டி ஒன்றை முழங்காலளவிலுள்ள வளையத்தில் மாட்டிவிட்டு நிற்பவர் தவறினால் 1.2 மீற்றர்தான் விழுவார். ஆனால் விகிதம் 2. குறைவாக விழுந்தவருக்கே பலமான அடி. ஆகவேதான் கொக்கியை எப்போதும் இடுப்புக்கு மேலே மாட்டச் சொல்கிறோம்.

இத்தனைக்கும் நாங்கள் வேலைக்குப் பயன்படுத்துவது அதிகம் இழுபடாத கயிற்றையே. தூரிகையோடு தொங்குபவர் ஒவ்வொரு அசைவுக்கும் மேலும் கீழுமாக ஆடினால் வேலை நடவாது. இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை, கயிற்றில் தளர்வே இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. சிறிதும் விழாமல், தொங்கும் கயிற்றில் சட்டென்று முழு எடையையும் விட்டாலே, அக்கணத்தில் கயிறு உணர்வது ஏறத்தாழ இரு மடங்கு எடையை.

தாங்கியின் கூரையில் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். இரண்டு பிடிமானங்கள் தூரத்தில் இருந்தால், கையிலிருக்கும் குட்டைப் பட்டியை இழுத்து இரண்டையும் இணைக்கத் தோன்றும். இறுக்கிக் கட்டிய கொடியில் ஈரச்சேலையைப் போட்டால் முளை பிடுங்கிக்கொண்டு வருவது போன்ற நிலை அது. சுமை தொங்கும் இடத்தில் பட்டியின் இரு பக்கங்களுக்குமிடையிலான கோணம் 60 பாகையாயின் ஒவ்வொன்றும் சுமையில் 58 சதவீதத்தைத் தாங்கும்; 120 பாகையில் ஒவ்வொன்றுமே முழுச் சுமையைத் தாங்கும்; 150 பாகையில் ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டாகப் பகிர்ந்தோம் என்ற நிம்மதி அங்கே வெறும் நிம்மதிதான். நீளமான பட்டி கிடைக்காவிட்டால் அன்று வேலையைத் தொடங்க நான் விடுவதில்லை. இதற்காக என்னை முசுடு என்று சொல்பவர்களும் உண்டு.

உராய்வு விடயத்தில் மட்டும் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவுமில்லை. துறைமுகத்துக் கட்டைத் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கையால் படகை அடக்குவதைச் சிறுவயதிலிருந்தே கண்டவர்கள் அவர்கள். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்று பிடியின் பலத்தை ஆறரை மடங்காக்கும், இரண்டு சுற்று நாற்பது மடங்குக்கு மேல். நாங்கள் இறங்கும் கருவியும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. ஆனால் அங்கே கயிறு ஓடுவதால் வெப்பம் பிறக்கிறது: 80 கிலோகிராம் எடையுள்ளவர் 30 மீற்றர் இறங்கும்போது 23 கிலோயூலுக்கு மேற்பட்ட சக்தி அந்தச் சிறிய உலோகத்திலும் கயிற்றிலும் சூடாகிறது. நைலோன் 200 பாகை செல்சியஸைத் தாண்டியே உருகும். மிதக்கும் பொலிபுரொப்பிலீன் கயிறோ 165 பாகையளவில் உருகிவிடும். அந்தக் கயிற்றில் தொங்க அனுமதிக்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் உப்பும் கயிற்றின் உறையைச் சொரசொரப்பாக்கும். விரல்களுக்கிடையே முழு நீளத்தையும் ஓடவிட்டு, மென்மையாகவோ ஒடுங்கியோ தட்டுப்படும் இடத்தைத் தேடுகிறோம். அப்படி ஒன்று அகப்பட்டால் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டியே கழிக்கிறோம். முழுதாக வீசினால் யாராவது நங்கூரத்துக்குக் கொண்டுபோவார்கள், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அடுத்த மாதம் அதுவே வேறு யாரோ ஒருவரின் தோளில் வேலைத்தளத்துக்குத் திரும்பி வந்துவிடும்.