எம்.சி. ரோட்டில் ஏழு யார் துணி

"ஏழு யார் வேணும், தம்பி" என்றேன். கடைப் பையன் விழித்தான். "யாருக்கா?" என்று கேட்டான். யாருக்கு வேண்டும் என்று கேட்கிறான் என நினைத்து, "எங்கட வீட்டு யன்னலுக்கு" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் அம்மா துணியை யார்க்கணக்கில்தான் சொல்லுவா. ஒரு யார் மூன்றடி. சென்னையில் மீட்டர். தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம், பேச்சுக்கு என்ன குறை என்று நினைத்து வந்தவள் நான். யன்னல் என்றால் புரியவில்லை, சமையலறையைக் குசினி என்றால் புரியவில்லை, கடையில் திரைத்துணிக்கு யன்னல் சீலை என்று கேட்டால் புடவையை எடுத்துப் போடுகிறார்கள். கடைசியில் சிரித்த பெண்களில் ஒருத்திதான் சொல்லித் தந்தாள்: "ஸ்கிரீன் துணின்னு கேளுங்கக்கா."

நாங்கள் வந்தது 2007இல். காவல் நிலையத்தில் பதிவு, புரோக்கர், பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் வந்தவர்கள் எல்லோரும் பட்டதுதான். வீடு கிடைத்தது பழைய வண்ணாரப்பேட்டையில். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்கிறவர்களைக் குடியேற்றிய இடம் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கும் எம்.சி. ரோட்டில் நடந்தால் இரண்டு பக்கமும் துணிக்கடைதான். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் புகை எங்கள் போர்ஷனுக்குள் வந்துவிடும். தெருவைப் பார்த்து இரண்டு யன்னல்கள், அதற்கு நாலடி தள்ளி எதிர்வீட்டு வாசல்.

எனக்குப் புகை பெரிதில்லை. வெறும் யன்னலுக்கு முன்னால் இரவில் லைட் போட முடியவில்லை. தொண்ணூறுகளில் எங்களுக்குக் கரண்ட் கிடையாது, ஜாம் போத்தலில் எரிகிற விளக்குத்தான். குண்டு போடுகிற பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் அதையும் மூடி, யன்னலில் கறுப்புச் சீலையை இழுத்துவிடுவா அம்மா. அந்தப் பழக்கம் கப்பலேறியும் போகவில்லை, விமானமேறியும் போகவில்லை.

தையல் மெசின் ஊரோடு நின்றுவிட்டது. தெருமுனைத் தையற்காரர் கேட்ட கூலி துணி விலைக்குக் கிட்ட வந்தது. சரி, கை இருக்கிறது, ஊசி இருக்கிறது.

எங்கள் யன்னல் நாலடி அகலம், நாலரை அடி உயரம். ஸ்கிரீன் துணியின் பன்னா, அதாவது அகலம், 48 அங்குலம். ஒரு யன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் அகலம் இரு மடங்கு, கொசுவம் விழுந்து வடிவாக இருக்கும். உயரத்துக்கு 54 அங்குலம், மேலே ஸ்பிரிங் கோர்க்கிற மடிப்புக்கு இரண்டரை, கீழ் மடிப்புக்கு நாலு, பருத்தி சுருங்கினால் அதற்கு இரண்டரை. ஆக 63. நாலு துண்டுக்குச் சரியாக ஏழு யார். பையன் ஏழு மீட்டரே கிழித்துத் தந்துவிட்டான். ஏறக்குறைய இரண்டடி கூட. நான் மறுக்கவில்லை.

வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் முதல் சலவையில் திரை யன்னலுக்கு எட்டாமல் தொங்கும். அளவு குறித்த இடத்தில் கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்துக் கையால் கிழித்தால் இழை போகிற நேரிலேயே கிழியும். கத்தரியை நம்பினால் எனக்குக் கோணல்தான்.

எதிர்வீட்டில் ஒரு ஆயா. தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். சிறுபிள்ளையாக ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், அறுபதுகளில் பர்மாவை விட்டு வந்த கூட்டத்தில் ஒருவர். நான் வாசற்படியில் உட்கார்ந்து நாலு பக்கமும் மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கரை இருக்கே, அது பிரியாதும்மா. சைடை ஏன் தைக்கிறே?" என்றார். பாதி வேலை அந்த இடத்தில் குறைந்தது. மேலும் கீழும் மட்டும், எட்டு மடிப்பு, முப்பத்திரண்டு அடி. நூலை மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்தால் சிக்காது என்பதும் அவர் சொன்னதுதான். மேல் மடிப்புக்கு மட்டும் பின்தையல் போட்டேன், பாரம் அதில்தான் விழும். கீழுக்கு ஓட்டுத் தையல் போதும். நாலு இரவு, விரலில் இரண்டு பிளாஸ்திரி.

ஸ்பிரிங் வாங்கும்போதும் ஒரு பாடம். யன்னல் அளவுக்கே வெட்டினால் நடுவில் தொய்யும். மூன்று நாலு அங்குலம் குறைத்து வெட்டி, இழுத்து மாட்ட வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். நல்லவேளை, முன்பு இருந்தவர்கள் யாரோ சட்டத்தில் கொக்கி விட்டுப் போயிருந்தார்கள்.

திரை விழுந்த அன்று ஏழு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் காலை கதவு இடிபட்டது. பக்கத்துப் போர்ஷன் மஞ்சள் நைட்டிக்காரி.

"இன்னாக்கா, தண்ணி வந்துச்சுன்னு ஜன்னல்ல கத்துறேன், காதுல விழலையா? அடிச்சு முடிச்சுட்டோம்."

குடம் காலி. அன்றைக்குத்தான் புரிந்தது, இந்தத் தெருவில் யன்னல் என்பது யன்னல் மட்டுமில்லை. தண்ணீர் வருவதும் கேஸ் வண்டி வருவதும் காசிமேட்டிலிருந்து மீன்காரம்மா வருவதும் அதன் வழியாகத்தான் தெரியும். போதாததற்கு, மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வர வேண்டிய வழியும் அதுவே. சித்திரை வெயிலில் நான் அதை ஏழு மீட்டர் துணி போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, நாலு துண்டையும் குறுக்கே பாதியாகக் கிழித்தேன். வயிறு எரிந்ததுதான். மேல் பாதியில் ஸ்பிரிங் மடிப்பு ஏற்கெனவே இருந்தது, கீழே மட்டும் மடித்துத் தைத்தேன். ஸ்பிரிங்கை யன்னல் நடுவில் கிரில் கம்பியிலேயே மாட்டினேன். உட்கார்ந்தால் தெரியாது, நின்றால் முகம் தெரியும். மேலே காற்று வரும், சத்தமும் வரும். கீழ் பாதிகள் குசினி மேடைக்குக் கீழே சிலிண்டரை மறைக்கப் போயின. அந்த இரண்டடி மிச்சத்தில் மகளுக்கு ஒரு பை.

கறுப்புச் சீலை இல்லாத யன்னலில் லைட் போட்டு உட்கார எனக்கு இன்னும் சில மாதம் பிடித்தது. முதலில் லைட்டை அணைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம். மகள்தான் ஒருநாள் எழுந்து போட்டாள்.

ஆயா மட்டும் திரைக்கு மேலால் எட்டுகிற உயரமில்லை. சாயங்காலமானால் வெளியிலிருந்து ஒரு விரலால் துணியை ஒதுக்கிக் கேட்பார்:

"இன்னிக்கு என்னம்மா குழம்பு?"

"சொதி, ஆயா."

"அப்படின்னா?"

"கதவைத் திறக்கிறன். வாங்கோ."