காலிஃபிளவர் அடை: ஒருவழியாகக் கல்லில் உடையாமல் திரும்பிவிட்டது

ஓரம் முறுகல், நடுவில் நன்றாக வெந்த பதம், கையில் எடுத்துப் பிய்த்தால் அடை மாதிரியே பிய்கிறது. உடைந்ததை எல்லாம் அள்ளித் தட்டில் போட்டுப் ‘பொடிமாஸ்’ என்று பெயர் வைத்துப் பரிமாற வேண்டிய நிலை இனி இல்லை. பேலியோ, கீட்டோ என்று எந்தப் பெயரில் மாவுச்சத்தைக் குறைத்துச் சமைப்பவர்களுக்கும் இந்தப் பொடிமாஸ் விபத்து பழக்கமாகத்தான் இருக்கும். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். மசாலா அளவு மட்டும் வேண்டும் என்பவர்கள் கீழே போய்விடலாம்.

காலிஃபிளவரில் 100 கிராமுக்குச் சுமார் 92 கிராம் தண்ணீர். மாவுச்சத்து 5 கிராம், அதிலும் 2 கிராம் நார். அரிசி பருப்பு அடையில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வெந்து இறுகும் வேலையை ஸ்டார்ச் செய்கிறது. இங்கே அந்த வேலைக்கு ஆளில்லை. முட்டையும் பாதாம் மாவும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் கல்லில் சூடு ஏறியதும் காய் தண்ணீர் விட ஆரம்பிக்கும். அடிப்பக்கம் பொரிவதற்குப் பதில் அவியும், அவிந்தது கல்லோடு ஒட்டும், ஒட்டியது திருப்பும்போது கிழியும். மாவைக் கூட்டி இதைச் சரிக்கட்டப் பார்த்தால் பாதாம் மாவு 50 கிராமில் ஆரம்பித்து 120 கிராமில் போய் நிற்கும். அது காலிஃபிளவர் மணக்கும் பாதாம் அடை. பர்ஸுக்கும் நல்லதில்லை.

முதல் சண்டை காயைக் கழுவும் இடத்திலேயே தொடங்குகிறது. புழுவுக்குப் பயந்து உப்பும் மஞ்சள்தூளும் போட்ட வெந்நீரில் காலிஃபிளவரைப் பத்து நிமிடம் ஊறவைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் துருவிய பிறகு ஊறவைத்தால் கதை முடிந்தது. பெரிய பெரிய பூக்களாகவே பிரித்து, கொதி நின்ற வெந்நீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, தண்டு மேலே பார்க்கும்படி துணியில் கவிழ்த்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். பூக்களின் இடுக்கில் நிற்கும் தண்ணீர் கவிழ்த்தால்தான் இறங்கும். தொட்டால் கை ஈரமாகக் கூடாது. இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கினால் பின்னால் எவ்வளவு பிழிந்தாலும் பயனில்லை.

காய் வாங்குவதிலும் சூட்சுமம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் கிடைக்கும் பூ இறுக்கமாக, வெள்ளையாக இருக்கும். வெயில் காலத்தில் வருவது பெரும்பாலும் பூ விரிந்து, மேலே ரவை தூவியது போல் பிரிந்து நிற்கும். அதைத் துருவினால் தூளாகி மாவுபோல் ஒட்டிக்கொள்ளும், பிழியவும் வராது. பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துருவுவதற்குக் கேரட் துருவியின் பெரிய துளைதான் என் தேர்வு. மிக்ஸியில் செய்பவர்கள் ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், பல்ஸில் மூன்று நான்கு தட்டு தட்டி நிறுத்த வேண்டும். நிறையப் போட்டால் அடியில் விழுதும் மேலே முழுப் பூவுமாக நிற்கும். அந்த விழுதுதான் துணியின் கண்களை அடைத்துத் தண்ணீரை வெளியே விடாமல் செய்கிறது.

இனி பிழிதல். நான்கு வழி இருக்கிறது, நான்கும் ஒன்றல்ல.

உப்புப் போட்டுப் பிழிவது எளிது. 500 கிராம் துருவலுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, இருபது நிமிடம். வெள்ளரிக்காயும் சுரைக்காயும் இதற்கு மசியும். காலிஃபிளவர் செல்கள் கெட்டி, கொஞ்சம் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கல்லில் வைத்து விடும். உப்பு எவ்வளவு உள்ளே தங்கியது என்ற கணக்கும் தப்பிவிடும்.

ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் நிறையத் தண்ணீர் வரும், ஏனென்றால் சூட்டில் செல் சுவர் தளர்கிறது. ஆனால் ஆவியே கொஞ்சம் ஈரத்தைச் சேர்க்கும். ஆறும்வரை காத்திருக்காமல் பிழிந்தால் கை வெந்துவிடும். நேரம் கூடினால் கந்தக வாடை வேறு கிளம்பும். கோஸ் குடும்பத்துக் காய்கள் எல்லாம் அதிகம் வெந்தால் அப்படித்தான்.

வாணலியில் எண்ணெயில்லாமல் வறுப்பது காலிஃபிளவர் சாதத்துக்கு மிகச் சரி. அகலமான வாணலி, மூடி போடாமல், 7 அல்லது 8 நிமிடம். உதிரி உதிரியாக வரும். அடைக்கு அந்த உதிரித்தன்மையே எதிரி.

நான்காவது, இந்தப் பதிவுக்குக் காரணமான வழி: ஃப்ரீசர். துருவலை ஜிப் உள்ள கவரில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி இரவு முழுக்க உறையவிடுங்கள். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டி ஊசிகளாக மாறும்போது செல் சுவரைக் குத்திக் கிழிக்கிறது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறையவைப்பதால் ஊசிகள் பெரிதாக வளரும். நமக்கு அது லாபம். கடையில் உறைந்த நிலையில் விற்கும் காலிஃபிளவரை அதிவேகமாகக் குளிர்விக்கிறார்கள், ஊசி சின்னதாகவும் காயின் உறுதி கெடாமலும் இருப்பதற்காக. அதனால் அதைப் பிழிந்தால் இந்த அளவுக்கு இறங்காது. பாக்கெட் விலையையும் பார்த்தால் வீட்டிலேயே உறையவைப்பதுதான் சரி.

காலையில் எடுத்து வடிதட்டில் கொட்டி இரண்டு மணி நேரம் விடுங்கள். பாதித் தண்ணீர் தானாகவே சொட்டிவிடும். மிச்சத்தைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு பங்காகப் பிரித்து முறுக்கிப் பிழியுங்கள். ஒரே மூட்டையாகக் கட்டினால் நடுவில் இருப்பது பிழிபடாது. மெல்லிய பருத்தி வேட்டிக்கு ஈடு இல்லை. டீ வடிகட்டி, மஸ்லின் பை எல்லாம் முறுக்குத் தாங்காது. சமையல் தராசு இருந்தால் எடை போடுங்கள்: 500 கிராம் போட்டது 270 முதல் 290 கிராமுக்குள் வர வேண்டும். 320 காட்டினால் இன்னும் முறுக்கு பாக்கி இருக்கிறது. தராசு இல்லாதவர்கள் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கலாம். கொழுக்கட்டை வடிவில் நின்று, கையில் ஈரம் படியாவிட்டால் சரி. பிழிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கோ சூப்புக்கோ ஆகும்.

கடைசியாக, காய்ந்த வாணலியில் மூன்று நிமிடம் புரட்டி முழுவதும் ஆறவிடுங்கள். சூடாக முட்டையில் சேர்த்தால் முட்டை அங்கேயே திரளும். பச்சையாக உறைந்த காயை ஃப்ரீசரில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், நொதிகள் வேலை செய்து வாசம் மாறும். ஓரிரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பிணைப்புக்கு இசப்கோல் உமி, மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் அதே நார்தான். மருந்துக்கடையில் ‘சத் இசப்கோல்’ என்று கேட்டால் தருவார்கள். ஆரஞ்சுச் சுவை, தண்ணீரில் பொங்கும் வகை இவற்றை எடுக்காதீர்கள். பலவற்றில் சர்க்கரை இருக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் குஜராத்தின் ஊஞ்சா பக்கத்துச் சரக்கு நன்றாக இருக்கிறது. சீரகத்துக்குப் பெயர்போன சந்தை அது, இசப்கோலுக்கும் அதுதான் பெரிய மண்டி. உமியாக வாங்குவதா தூளாக வாங்குவதா என்றால் அடைக்கு உமி. தூள் நொடியில் இறுகிக் கட்டி தட்டும், ஸ்பூன் கணக்கும் மாறும். ஒரு ஸ்பூன் தூள் ஒரு ஸ்பூன் உமியைவிட எடை கூடுதல். அளவு மீறினால் அடை ரப்பராகும், வாயில் கொழகொழப்பாக நிற்கும். சில கம்பெனி உமி சூட்டில் லேசாக ஊதா நிறம் காட்டும். கெட்டுப்போனதில்லை, பயப்பட வேண்டாம். தினமும் இசப்கோல் சேர்ப்பவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மாத்திரை போடும் நேரத்தோடு சேர்க்காமல் இடைவெளி விட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவு பேசிவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

பாதாம் மாவு வீட்டில் அரைப்பதே மேல். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் கலிஃபோர்னியா பாதாம் போதும். மாம்ரா பாதாம் விலையும் அதிகம், எண்ணெயும் அதிகம், மிக்ஸியில் வெண்ணெயாக இளகிவிடும். ஊறவைத்துத் தோலுரித்தால் வெயிலில் நன்றாகக் காய வேண்டும். தோலோடு அரைப்பதில் அடைக்கு ஒரு குறையும் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கும். ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்த பாதாமைச் சிறுகச் சிறுகப் பல்ஸில் தட்டி, சலித்து, கப்பியை மறுபடி தட்டவும். தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகி எண்ணெய் பிரியும். கடையில் ‘பாதாம் பவுடர்’ என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது பாலில் கலக்கும் சர்க்கரைத் தூள்.

ஆறு அடைக்கு அளவு: பிழிந்த காலிஃபிளவர் சுமார் 280 கிராம் (பச்சையில் 500), முட்டை 1, பாதாம் மாவு 50 கிராம், இசப்கோல் உமி 2 டீஸ்பூன், உருவிய முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் 4, சோம்பு அரை டீஸ்பூன், இஞ்சி ஒரு துண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை. உப்பு முக்கால் டீஸ்பூன். சின்ன வெங்காயம் இல்லாமல் அடையா என்று கேட்பவர்கள் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம். சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்குச் சுமார் 17 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, நாலைந்து போட்டாலே கணக்கில் தெரியும். நாரைக் கழித்து ஒரு அடைக்கு மூன்று முதல் நான்கு கிராம் மாவுச்சத்து வருகிறது.

மிளகாய், சோம்பு, இஞ்சியை முட்டையோடு கொரகொரவென்று அரைத்துக் காயில் சேர்க்கவும். பாதாம் மாவைக் கலந்த பிறகு இசப்கோலை மழைபோல் தூவிக் கிளறவும். பத்து நிமிடம் தொடாதீர்கள். உப்பு கடைசியில், கல் காய்ந்த பிறகுதான். முன்னாலேயே போட்டு வைத்தால் கீரையும் காயும் சேர்ந்து நீர்விட்டு, பிழிந்த உழைப்பு வீண்.

வாழையிலையிலோ பட்டர் பேப்பரிலோ எண்ணெய் தடவி, ஈரக்கையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். மெல்லிசாகத் தட்டும் ஆசை வேண்டாம், கிழியும். நடுவில் துளை கட்டாயம். நன்கு பழகிய இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் விட்டு, இலையோடு கவிழ்த்து, அரை நிமிடம் கழித்து இலையை உரியுங்கள். தீ மிதமாக. மூடி போடவே கூடாது, ஆவி சொட்டி மறுபடி ஈரமாகும். ஆறு நிமிடம் வரை தோசைத்திருப்பியை எடுக்காதீர்கள். கல்லைப் பிடித்து லேசாக ஆட்டினால் அடை தானாக நகர வேண்டும், அப்போதுதான் திருப்பலாம். நகராத அடையைச் சுரண்டினால் தோல் கல்லில், மிச்சம் கையில். மறுபக்கம் நான்கு நிமிடம். இறக்கியதும் தட்டில் அடுக்காமல் கம்பி வலையில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முறுகல் போய்விடும். அவியலோடு சாப்பிடுபவர்கள் உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காயை விட்டுவிட்டு முருங்கைக்காய், பூசணி, புடலை, கத்தரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முட்டை இல்லாத அடை இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. இசப்கோலை ஒரு டேபிள்ஸ்பூனாக்கி மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து, 50 கிராம் பனீரை மசித்துச் சேர்த்தால் மாவு நன்றாகத் திரள்கிறது, திருப்பவும் வருகிறது. ஆனால் ஓரம் வெடிக்கிறது, உள்ளே லேசான பிசுபிசுப்பு. கடைப் பனீரிலேயே ஈரம் இருப்பதால் அதையும் கனமான பாத்திரம் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். பாதாம் மாவில் 20 கிராமைக் குறைத்து 6 கிராம் தேங்காய் மாவு சேர்ப்பது அடுத்த யோசனை. தேங்காய் மாவு தண்ணீரை வெறியோடு உறிஞ்சும், ஆனால் அடைக்கு லேசான தித்திப்பு வந்துவிடும், மிளகாயைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் தட்டைக்கும் பூர்வாங்க வேலை ஓடுகிறது. பாதாம் மாவுத் தட்டையை எண்ணெயில் போட்டால் கரைந்து பரவுகிறது, பிடித்துவைக்க ஸ்டார்ச்சும் இல்லை, குளூட்டனும் இல்லை. ஆகவே ஓடிஜி என்ற மின்சார பேக்கிங் அடுப்பில் 150 டிகிரி. 170 தாண்டினால் நடு வேகும் முன் ஓரம் கறுக்கிறது. துருவிய சீஸ், எள், பூண்டு, மிளகாய்த்தூள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இரண்டு மில்லிமீட்டருக்குத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி 18 நிமிடம். சூட்டில் வளைகிறது, ஆறியதும் உடைகிறது. கடலைப்பருப்புக்குப் பதில் என்ன போடுவது என்பதுதான் தெரியவில்லை. ஊறவைத்து வறுத்த பூசணி விதை இப்போதைக்குப் பட்டியலில் முதலில் இருக்கிறது.