ஒன்பதாம் வகுப்பும் நானும்: மாலத்தீவு நாட்குறிப்பு

5 பிப்ரவரி 2017, ஞாயிறு
இங்கே வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது; வெள்ளி, சனி விடுமுறை. ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல். என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். மணி அடித்த பிறகு ஒருத்தி மட்டும் கேட்டாள்: "மிஸ், எப்போ ஊருக்குப் போவீங்க?"

8 பிப்ரவரி, புதன்
மலையாளி ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். தலைநகரை விட்டுத் தள்ளியிருக்கும் தீவுகளில் மேல்வகுப்பு எடுக்க இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் நிறைய. ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறோம், சிலர் பாதியிலேயே. ஒட்டிப் பழகி, படகுத்துறையில் கையசைத்து வழியனுப்பியே சலித்துப்போன பிள்ளைகள் இவர்கள். எப்படிச் சட்டென்று மனம் திறப்பார்கள்?

9 பிப்ரவரி, வியாழன்
பாடம் தொடங்குமுன் சொல்லிவிட்டேன்: பத்தாம் வகுப்பில் நீங்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதி முடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன், அதற்குப் பிறகு கிளம்பிவிடுவேன். போகும் நாளைப் பிள்ளைகளிடம் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

17 பிப்ரவரி, வெள்ளி
சாயங்காலம் மாணவிகள் பாஷி விளையாட இழுத்துப்போனார்கள். வலைக்கு முதுகைக் காட்டி நின்று, டென்னிஸ் மட்டையால் பந்தைத் தலைக்கு மேலே பின்பக்கமாக அடிக்க வேண்டும். எதிரணி வெறுங்கையால் பிடிக்கும். உள்ளங்கை சிவந்துவிட்டது. ஒருத்தியின் அம்மா எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடி என்றதும் முகம் மலர்ந்தது. "அங்கிருந்துதானே மாலேக்குத் தோணியில் வெங்காயம் வருது!"

26 பிப்ரவரி, ஞாயிறு
இன்று திருப்புத்திறன்: விசையை, சுழல்புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது. புத்தகத்தில் சீசா பலகையும் ஸ்பேனரும்தான். அதை மூடி வைத்தேன். கடைசி வரிசையில் பேசாமலே இருக்கும் பையனின் அப்பா சூரை பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். துடைப்பக் கம்பைக் கொடுத்து, அப்பா தூண்டில் கழியைப் பிடிப்பதுபோல் பிடித்துக் காட்டச் சொன்னேன். அடிமுனையை இடுப்பில் ஊன்றி, மேல்கையால் வெடுக்கென்று தூக்கினான். அந்தத் தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் பின்னோக்கிய சிறுமுள் இருக்காது, அதனால் மீன் தானே கழன்று படகுக்குள் விழும் என்று அவனே விளக்கினான். சுழல்புள்ளி இடுப்பா, கீழ்க்கையா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இடுப்பு என்றே வைத்துக்கொண்டோம். மீன் இரண்டு கிலோ, அதாவது சுமார் 20 நியூட்டன். கழி மூன்று மீட்டர், இடுப்பிலிருந்து மேல்கை அரை மீட்டர். கழி படுக்கைவாக்கில் இருக்கும்போது 20 × 3 ÷ 0.5, கைக்கு 120 நியூட்டன். மீனின் எடையைப்போல் ஆறு மடங்கு! அவன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "பப்பாவுக்கு ஏன் ராத்திரியெல்லாம் தோள் வலிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது மிஸ்." என்னால் உடனே அடுத்த கணக்குக்குப் போக முடியவில்லை.

27 பிப்ரவரி, திங்கள்
அவன் வீட்டுக் கழியை அளந்து வந்திருந்தான்: மூன்றரை மீட்டர். கணக்கை மறுபடி போட்டோம், 140 வந்தது. முன்வரிசைப் பெண் எழுந்து நின்றாள்: "கழியோட எடையை விட்டுட்டோமே மிஸ்?" அதை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டேன். நான்கைந்து கைகள் உயர்ந்தன.